குழந்தையின் நாளும் அலுவலகத்தின் வாரமும்

வாஷிங்டனில் 1919ஆம் ஆண்டு கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஆறு உடன்படிக்கைகளை நிறைவேற்றியது. முதலாவது வேலை நேரம் பற்றியது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மூன்றாவது மகப்பேறு பற்றியது: பிரசவத்துக்குப் பின் 6 வாரம் பெண்ணை வேலையில் அமர்த்தக் கூடாது, திரும்பி வந்தபின் அவள் பால் கொடுப்பவளாக இருந்தால், வேலை நேரத்துக்குள்ளேயே நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் விட வேண்டும். உழைப்பவரின் உடலையும் பச்சைக் குழந்தையின் பசியையும் காக்க முனைந்த இந்த இரண்டு உடன்படிக்கைகளும் நாளை அளவுகோலாக எடுத்துக்கொண்டன.

நூறாண்டு கழித்து, மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்குக் கிடைக்கும் ஏற்பாடுகளில் ஒன்று அந்த அளவுகோலையே மாற்றுகிறது. வாரத்தின் மொத்த மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாது. அதைக் குறைந்த நாட்களுக்குள் அடக்கி, மிச்சமாகும் நாளை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் இதற்குக் ‘கம்பிரெஸ்டு ஹவர்ஸ்’ என்று பெயர். இங்கே ‘செறிவு வாரம்’ என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இது நல்ல ஏற்பாடுதானா? பொருளியலாளர், தொழிற்சங்கத்தினர், வேலை நேர ஆய்வாளர், நீதிமன்றம் என்று பலரும் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றை அளந்ததே அதற்குப் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

எவ்வளவு நீளமான நாள்?

பிரிட்டனில் அலுவலக வேலையின் முழுநேர வாரம் பல இடங்களில் 37.5 மணி. ஐந்து நாளில் அது நாளுக்கு ஏழரை மணி. நான்கு நாளில் அடக்கினால் 9 மணி 22 நிமிடம் சொச்சம். இரண்டு வாரத்தின் பத்து வேலை நாளை ஒன்பதாக்கும் மென்மையான வடிவமும் உண்டு. அதில் நாள் 8 மணி 20 நிமிடம்தான். இரண்டுக்கும் பெயர் ஒன்றே ஆனாலும், ஒரு தாயின் மாலைப்பொழுதில் இவை ஏற்படுத்தும் வேறுபாடு பெரிது. ஆய்வுகள் பலவும் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகின்றன.

வேறு இரண்டு ஏற்பாடுகளோடும் செறிவு வாரத்தைக் குழப்பிக்கொள்வது வழக்கம். ஒன்று பகுதி நேர வேலை: நாளும் குறையும், சம்பளமும் குறையும். மற்றொன்று, 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை பிரிட்டனில் 61 நிறுவனங்கள் சோதித்துப் பார்த்த நான்கு நாள் வாரம்: அங்கே சம்பளம் குறையாமல் மொத்த வேலை நேரமே குறைக்கப்பட்டது. அந்தச் சோதனையில் மன அழுத்தம் குறைந்ததை எடுத்துக்கொண்டு செறிவு வாரத்துக்கு ஆதரவாக வாதிடுவது சரியாகாது. முன்னதில் நேரம் விடுதலை பெறுகிறது. செறிவு வாரத்தில் அது இடம் மாறுகிறது.

இந்த யோசனை தாய்மார்களுக்காகப் பிறந்ததும் இல்லை. 1970இல் ரிவா புவர் தொகுத்த ‘4 நாள், 40 மணி’ என்ற அமெரிக்க நூல் இதைப் பரவலாக்கியபோது, பேச்சு நிர்வாகப் புதுமையைப் பற்றியே இருந்தது. அமெரிக்க நடுவண் அரசு 1978இல் சோதனைச் சட்டமாகக் கொண்டுவந்து, 1980களில் நிரந்தரமாக்கியது. யூட்டா மாநிலம் 2008இல் அரசு அலுவலகங்களை வெள்ளிக்கிழமை மூடி, மற்ற நான்கு நாளும் பத்து மணி நேரம் திறந்துவைத்தது. நோக்கம் மின்சாரச் செலவைக் குறைப்பது. 2011இல் அதை மாநிலமே கைவிட்டது. குழந்தை வளர்ப்பு இந்த வரலாற்றில் வெகு பின்னால்தான் வந்து சேர்கிறது. வேறு தேவைக்குத் தைத்த சட்டையைத் தாய்க்குப் போட்டுப் பார்க்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் வாதங்கள் தெளிவாக விளங்கும்.

சம்பளம் குறையாத வழி

ஆதரவாளர்களின் வாதத்தில் வலுவானது பணம் சார்ந்தது. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் வேலைக்குத் திரும்பும் தாய்மார்களில் பெரும்பகுதியினர் பகுதி நேரத்துக்கு மாறுகிறார்கள். அதன் விலை அந்த மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை. பிரிட்டனின் நிதியியல் ஆய்வு நிறுவனம் (IFS) 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் குழந்தை பிறந்து 12 ஆண்டுகளில் பெண்களின் மணிநேர ஊதியம் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 33 விழுக்காடு பின்தங்குகிறது. பகுதி நேரத்தில் கழித்த ஆண்டுகள் ஊதிய உயர்வுக்கு ஏறத்தாழ உதவுவதே இல்லை என்பதை இதே ஆய்வாளர்களின் பிந்தைய பணி காட்டியது. டென்மார்க்கில் ஹென்ரிக் கிளெவனும் உடன் ஆய்வாளர்களும் செய்த கணக்கில், குழந்தை பிறப்புக்குப் பின் பெண்களின் நீண்டகால வருமான இழப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. நல்ல மகப்பேறு விடுப்பும் குழந்தைக் காப்பகங்களும் உள்ள நாடு அது.

2023இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். சில தொழில்களில் சம்பளம் மணிக்கணக்குக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. நீண்ட நேரமும், நினைத்தபோதெல்லாம் கிடைப்பவராகவும் இருப்பவருக்கு அது பன்மடங்கு ஏறுகிறது. அப்படிப்பட்ட வேலையில் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தவர் இழப்பது ஐந்தில் ஒரு பங்கைவிட அதிகம்.

இந்தப் பின்னணியில் செறிவு வாரத்தின் நன்மை விளங்குகிறது. பதவி முழுநேரப் பதவியாகவே நிற்கும். ஓய்வூதியப் பங்களிப்பு குறையாது. காப்பகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் கட்டணம் மிச்சம். வாரத்தில் ஒரு முழு நாள் குழந்தையோடு. நான்கு நாள் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, ஐந்து நாள் வேலையையும் செய்து முடிக்கும் நிலைக்குப் பல பெண்கள் தள்ளப்படுகிறார்கள். செய்கிற வேலைக்கு முழுச் சம்பளமாவது கிடைக்கட்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமான கோரிக்கை.

ஆனால் இந்த வாதம் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கடிகாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 9 மணி 22 நிமிட வேலையோடு அரை மணி உணவு இடைவேளையையும், போக அரை மணி, வர அரை மணியையும் சேர்த்தால் பதினோரு மணி நேரம் நெருங்குகிறது. பிரிட்டனில் காப்பகங்கள் பெரும்பாலும் காலை எட்டு அல்லது ஏழரை முதல் மாலை ஆறு வரை திறந்திருப்பவை. 2025 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் வேலை செய்யும் பெற்றோரின் 9 மாதக் குழந்தைக்கும் பள்ளிப் பருவ வாரங்களில் வாரம் 30 மணி நேரம் அரசு உதவியில் கிடைக்கிறது; அதிலும் ஒரு நாளில் பத்து மணிக்கு மேல் எடுக்க முடியாது. ஆக, நீண்ட வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் காலையில் கொண்டுவிடவோ மாலையில் அழைத்துவரவோ இன்னொரு பெரியவர் வேண்டும். கணவரோ பாட்டியோ அருகில் உள்ள வீட்டுக்கு இது சிக்கலாகாது. தனியாக வளர்ப்பவளுக்கு இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே முடங்கிவிடும்.

நீண்ட நாட்களின் இந்தப் பாரபட்சத்தை நீதிமன்றம் பார்த்திருக்கிறது. லண்டன் சுரங்க ரயிலில் ஓட்டுநராக இருந்த, தனியாகக் குழந்தை வளர்த்த ஒரு பெண், புதிய ஷிப்ட் அட்டவணைக்குத் தன்னால் வர முடியாது என்று தொடுத்த வழக்கில், 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆண் ஓட்டுநர் 2,023 பேரும் அந்த அட்டவணைக்கு வர முடிந்தது. பெண் ஓட்டுநர் 21 பேரில் வர முடியாதவர் அவர் ஒருவர்தான். எண்ணிக்கை சிறியது என்பதற்காக நீதிமன்றம் அதைக் கைகழுவவில்லை. குழந்தை வளர்ப்பின் சுமை பெண்கள் மேல் கூடுதலாக விழுகிறது என்பது ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக நிரூபிக்கத் தேவையில்லாத உண்மை என்று 2021இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு செவிலியர்.

திருப்தியும் களைப்பும்

அடுத்த தரப்பு உடலைப் பற்றிப் பேசுகிறது. செறிவு வாரம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவுகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. 1981இல் ரோனனும் பிரிம்ப்ஸும் பார்த்தபோது ஊழியர் மனநிலை மேம்பட்டிருந்தது, களைப்பும் கூடியிருந்தது. 1999இல் போரிஸ் பால்டெஸ் குழுவின் தொகுப்பாய்வில் வேலைத் திருப்தி உயர்ந்தது. விடுப்பு எடுப்பது குறையவில்லை. 2008இல் கிளேர் பாம்ப்ரா குழு 40 ஆய்வுகளைத் திரட்டி, குடும்ப வாழ்க்கைக்கு நன்மை இருக்கலாம், உடல்நலக் கேடு பெரிதாகத் தெரியவில்லை என்று எச்சரிக்கையோடு முடித்தது. அந்த 40 ஆய்வுகளும் ஷிப்ட் தொழிலாளர்களைப் பற்றியவை. இரவு ஷிப்டிலிருந்து மீண்டு நான்கு நாள் ஓய்வு பெறும் ஆலைத் தொழிலாளியின் நலத்தை, இரவில் மூன்று முறை விழிக்கும் தாயின் நலத்துக்கு அப்படியே பொருத்துவது துணிச்சலான தாவல்.

பெண்கள் பெருமளவில் இருக்கும் தொழில் ஒன்றில் செறிவு வாரம் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அது செவிலியப் பணி. பிரிட்டன் மருத்துவமனைகளில் ‘லாங் டே’ எனப்படும் பன்னிரண்டு மணி ஷிப்ட் பரவலான வழக்கம். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற செவிலியர்களுக்கும் இது அன்றாடம். 12 ஐரோப்பிய நாடுகளின் 488 மருத்துவமனைகளில் 31,627 செவிலியர்களிடம் திரட்டிய தரவைக் கொண்டு கியாரா டல்லோரா குழு 2015இல் எழுதிய கட்டுரையில், பன்னிரண்டு மணியோ அதற்கு மேலோ ஷிப்ட் பார்ப்பவர்களிடம் மனச்சோர்வும் வேலையை விட்டுவிடும் எண்ணமும் கூடுதலாக இருந்தன. 2012இல் ஸ்டிம்ஃபெல், ஸ்லோன், எய்க்கன் மூவரும் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் கண்டது இதைவிட யோசிக்கவைப்பது. பத்து மணியும் அதற்கு மேலும் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வும் வேலையில் அதிருப்தியும் ஏற்படும் வாய்ப்பு, எட்டு ஒன்பது மணி பார்த்தவர்களைவிட இரண்டரை மடங்கு வரை அதிகம். அதே செவிலியர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தங்கள் ஷிப்ட் முறையில் திருப்தி என்றும் சொன்னார்கள்.

இந்த முரணைச் செவிலியர்களின் அறியாமை என்று எடுத்துக்கொள்வது தவறு. உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வாரத்தில் முழுசாகக் கிடைக்கும் நாட்கள் அந்த விலைக்குத் தகும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். காப்பகக் கட்டணமும் பயணச் செலவும் வேறு கணக்குக்கு இடம் விடாததாகவும் இருக்கலாம். விருப்பத்தையும் வேறு வழியின்மையையும் ஒரு கேள்வித்தாள் பிரித்துக் காட்டாது. ‘திருப்தி’ என்ற சொல்லை ஆய்வுகளில் படிக்கும்போது இந்த ஐயம் நமக்கு இருக்க வேண்டும்.

விபத்து பற்றிய தரவில் இந்த மயக்கம் இல்லை. ஃபோக்கார்ட், டக்கர் இருவரும் 2003இல் தொகுத்ததில், எட்டு மணி ஷிப்டோடு ஒப்பிட்டால் பத்து மணி ஷிப்டில் விபத்து வாய்ப்பு 13 விழுக்காடும் பன்னிரண்டு மணியில் 27.5 விழுக்காடும் கூடுகிறது. இதோடு தாயின் தூக்கத்தையும் சேர்க்க வேண்டும். 2019இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வின்படி, முதல் குழந்தை பிறந்து ஆறு ஆண்டுகள் ஆன பின்னும் பெற்றோரின் தூக்கம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. முதல் மாதங்களில் இழப்பு தாய்க்கே அதிகம்.

பால் கொடுப்பது தனிக் கேள்வி. இரண்டு வயதுவரை தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பதரை மணி நேரம் அலுவலகத்தில் இருக்கும் தாய் இடையில் பால் எடுத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் மார்பு கட்டிக்கொள்ளும், பாலும் வற்றத் தொடங்கும். இந்தியச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது. பிரிட்டனிலோ ஓய்வெடுக்க இடம் தரும் கடமை முதலாளிக்கு உண்டு; இடைவேளை கேட்கத் தனிச் சட்ட உரிமை கிடையாது. செறிவு வாரத்துக்கு ஒப்புதல் தரும் கடிதத்தில் வேலை நேரத்தோடு இந்த இடைவேளையையும் எழுதி வாங்க வேண்டும்.

நாளைச் சுருக்கு என்ற விடை

வாரத்தைச் சுருக்காமல் நாளைச் சுருக்கச் சொல்லும் மரபு ஒன்று இருக்கிறது. 1981இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர் பற்றிய 165ஆம் பரிந்துரையில், நாளின் வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்கும் மிகைநேரத்தைக் குறைப்பதற்கும் தனிக் கவனம் தரச் சொன்னது. அதே பத்தியில் நெகிழ்வான நேரத்தையும் பேசியது. ஸ்வீடன் அதற்கு முன்பே, 1979இல், சிறு குழந்தை உள்ள பெற்றோர் வேலை நேரத்தைக் கால்வாசி குறைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்திருந்தது. எட்டு மணி ஆறாகும். குழந்தையின் பசியும் உறக்கமும் நாளுக்கு நாள் வருபவை. அந்தத் தாளத்தோடு இது ஒத்துப்போகிறது. வாரத்தில் ஒரு முழு நாள் கிடைப்பதைவிட ஒவ்வொரு மாலையும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பது கைக்குழந்தைக்கு நெருக்கமானது என்பதே இம்மரபின் அடிப்படை.

இதற்கும் பலவீனம் உண்டு. குறைத்த மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஸ்வீடனிலும் இந்த உரிமையைத் தாய்மார்களே அதிகம் பயன்படுத்தினார்கள். சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடியாத குடும்பத்துக்கு ஆறு மணி நாள் எட்டாக் கனி. கோல்டினின் வாதம் இங்கேயும் முழு வேகத்தில் திரும்பி வருகிறது.

கேட்கும் உரிமை, பெறும் உரிமை

பிரிட்டனில் 2003இல் 6 வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோருக்குக் கிடைத்தது நெகிழ்வு வேலையைக் கோரும் உரிமை. 2014இல் அது எல்லா ஊழியருக்கும் விரிந்தது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே கோரலாம், இரண்டு மாதத்துக்குள் முதலாளி பதில் சொல்ல வேண்டும். மறுக்க, சட்டத்தில் எட்டு வணிகக் காரணங்கள் எழுதப்பட்டுள்ளன. பெல்ஜியம் 2022 நவம்பரில் இன்னொரு பாதையை எடுத்தது. 38 மணி வாரத்தை நான்கு நாளில் ஒன்பதரை மணி வீதம் அடக்க ஊழியர் கேட்கலாம். ஒப்புதல் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான், பின்னர் புதுப்பிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த ஆறு மாத எல்லைதான் பெல்ஜியச் சட்டத்தின் அருமையான பகுதி என்பேன். பத்து மாதக் குழந்தைக்குப் பொருந்திய ஏற்பாடு பதினாறு மாதக் குழந்தைக்குப் பொருந்தாமல் போகலாம். பிரிட்டனில் ஒப்புக்கொண்ட மாற்றம் பொதுவாக நிரந்தர ஒப்பந்தமாகிவிடும். சோதனைக் காலம் என்று பேசி எழுதிக்கொண்டால் ஒழிய, பழைய நேரத்துக்குத் திரும்ப மறுபடி கேட்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி

இதே கணக்கு 2023இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு வேறு முகத்தோடு வந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. வாரம் 48 மணி மாறாது, தொழிலாளி விரும்பினால் பன்னிரண்டு மணி வீதம் நான்கு நாளில் முடித்து மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம் என்று அரசுத் தரப்பு விளக்கியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று, சென்னை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்பட்டதை முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய நகரத்தில், சரியாக நூறாண்டு கழித்து.

பிரிட்டனில் தாய்க்குச் சலுகையாகப் பார்க்கப்படும் ஒன்று இங்கே தொழிலாளரின் உரிமைப் பறிப்பாக எதிர்க்கப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் அலுவலக ஊழியருக்கு அது 37.5 மணியை அடக்குவது. இங்கே 48 மணியை அடக்குவது. அங்கே ஊழியர் கேட்டு முதலாளி ஒப்புக்கொள்கிறார். இங்கே ‘விருப்பம்’ என்ற சொல்லை ஆலை வாசலில் யார் உறுதிசெய்வார்கள் என்ற கேள்விக்குத் தொழிற்சங்கங்கள் நிறைவான விடை பெறவில்லை. 2019–20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 2019இன் நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். பன்னிரண்டு மணி ஷிப்டோடு கம்பெனி பஸ் பயணத்தையும் கூட்டி, அதன்மேல் அந்த ஐந்து மணியையும் வைத்தால் உறங்கப் போதிய நேரம் இல்லை.

இங்கே தாய் திரும்பும் காலமும் முக்கியம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்திலிருந்து சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரம். பிரிட்டனில் விடுப்பு 52 வாரம் வரை நீளும், சட்டப்படியான ஊதியம் 39 வாரத்துக்கு. ஆறு மாதக் குழந்தையை விட்டு வரும் தாய்க்கும் ஒரு வயதுக் குழந்தையை விட்டு வரும் தாய்க்கும் ஒரே நீளமான நாளைப் பரிந்துரைக்க முடியாது. 50 ஊழியரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. அந்தக் காப்பகம் உண்மையில் இயங்கும் இடத்தில்தான் வேலை நேரத்தை மாற்றுவது பற்றிய பேச்சே பொருளுள்ளதாகும்.

இன்னும் விடை கிடைக்காதவை

செறிவு வாரம் தாயின் வருமானத்தையும் பதவியையும் காக்கக்கூடும் என்பதற்கு நியாயமான வாதம் இருக்கிறது. மகப்பேறுக்குப் பின் அதை எடுத்தவர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, பகுதி நேரத்துக்குப் போனவர்களோடு ஒப்பிட்ட வலுவான ஆதாரத்தின் மேல் அந்த வாதம் நிற்கவில்லை. எடுப்பவர்கள் பெரும்பாலும் நல்ல பதவியிலும் துணையுள்ள வீட்டிலும் இருப்பவர்களாக இருந்தால், காணப்படும் நன்மையில் எவ்வளவு ஏற்பாட்டினுடையது, எவ்வளவு அவர்களுடையது என்று பிரிப்பது கடினம். நீண்ட நாளின் களைப்புக்குச் சான்று கூடுதல்; ஆனால் அது பத்து, பன்னிரண்டு மணி ஷிப்டுகளிலிருந்து வருகிறது. ஒன்பது நாள் இருவார முறையின் 8 மணி 20 நிமிடத்துக்கு அதை நீட்டுவது நியாயமில்லை. இருக்கும் சான்றை வைத்துப் பார்த்தால், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இந்த மென்மையான வடிவம் நான்கு நாள் வடிவத்தைவிடப் பாதுகாப்பானது என்று தோன்றுகிறது. இந்த இரண்டையும் தாய்மார்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

தந்தையைப் பற்றிய கேள்விதான் இந்த விவாதத்தில் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டது. தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு நாளை மாற்றி மாற்றி எடுத்தால் குழந்தை மூன்று நாள்தான் காப்பகத்தில் இருக்கும். தாயின் நீண்ட நாட்களில் ஒன்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தந்தை வீட்டிலேயே இருப்பார். தாய் மட்டும் எடுத்தால், விடுபட்ட அந்த ஒரு நாள் துணி, சமையல், தடுப்பூசி, மாமியாரின் மருத்துவர் சந்திப்பு என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1989இல் ‘இரண்டாவது ஷிப்ட்’ என்று பெயரிட்ட வேலைக்கே போய்விட வாய்ப்பிருக்கிறது. மற்ற நான்கு நாளில் அந்த வேலையை யார் செய்கிறார்கள், ஐந்தாம் நாளில் அவள் எத்தனை மணி நேரம் உறங்குகிறாள் என்பவற்றை வேலைத் திருப்தியோடு சேர்த்துக் கேட்கும் ஆய்வுகள் இனித்தான் போதிய அளவில் வர வேண்டும்.